விழுந்து ஏறினால்தான் தோணி

தச்சுவேலை செய்கிற கச்சிமுகம்மது ஓடாவியிடம் தோணி வாங்க வருகிறவன் முதலில் நனைய வேண்டும். கல்முனைக்குடியில் இது எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. பலகை எது, விலை எவ்வளவு, எப்போது தருவீர்கள் என்ற பேச்செல்லாம் அதற்குப் பிறகுதான். கிட்டங்கி ஆற்றில் கால் எட்டாத இடத்துக்குத் தோணியைக் கொண்டுபோய், உடுத்த சாரனோடு தண்ணீருக்குள் விழ வேண்டும். விழுந்து, யாருடைய கையும் படாமல், அதே தோணிக்குள் தானாகத் திரும்ப ஏற வேண்டும். ஏறினால் தோணி அவனுக்கு. ஏறாவிட்டால் ஓடாவி தோணியைக் கரைக்கு இழுத்து மாட்டு வண்டியில் ஏற்றி வீட்டுக்குக் கொண்டுபோய், விளிம்பை இன்னும் அரை விரல் இழைக்கத் தொடங்கிவிடுவார்.

சாய்ந்தமருதிலிருந்து வந்த ஒரு முதலாளி, “நான் மீன் பிடிக்கப் போறதில்ல ஓடாவியார், ஆள் வெச்சித்தான் பிடிப்பன்” என்று எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். “அப்ப அந்த ஆளக் கூட்டிக்கிட்டு வாங்க” என்றார் இவர். விசர் மனிசன், பைத்தியம் என்றார்கள். இருக்கட்டும். எண்பதாம் ஆண்டிலிருந்து எண்பத்தேழு வரைக்கும் அவர் செய்த தோணி பதினொன்று. அந்தப் பதினொன்றில் ஏறிப் போன ஒருவருக்கும் ஆற்றில் ஒரு குறையும் வரவில்லை. விசருக்கும் ஒரு பலன் இருக்கத்தான் செய்கிறது.

ஆனால் அவர் பிறவியிலேயே பயந்தவர் என்று நினைத்துவிடாதீர்கள். எழுபத்தெட்டுச் சூறாவளிக்கு முந்தின கச்சிமுகம்மதுவைப் பார்த்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள். கூரை முகட்டில் இரண்டு காலையும் அகட்டி நின்றுகொண்டு வெற்றிலை மெல்லுகிற மனிதர் அவர். கதவு, யன்னல், கட்டில், கூரை என்று அவர் கை படாத வீடு அந்தப் பக்கத்தில் குறைவு. தோணி மட்டும் செய்ததில்லை. தண்ணீர் அவருக்குப் பிடிக்காது, நீச்சலும் தெரியாது.

பிள்ளை என்று அவருக்கும் ஸகியாவுக்கும் ஒன்றே ஒன்று, றபீக்கா. எங்கள் பக்கத்தில் பெண்ணுக்கு வீடு கட்டிக் கொடுத்துத்தான் கலியாணம். மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வந்து இருப்பார், பெண்ணைப் பெற்றவர்கள் வளவின் பின்பக்கம் ஒரு கிடுகுக் குடிலுக்குள் ஒதுங்கிக்கொள்வார்கள். அப்படித்தான் கச்சிமுகம்மதுவும் றபீக்காவுக்கு ஓட்டு வீடு கட்டினார். கூரைக்கு முதிரை மரத்தில் ஒரு தீராந்தி வைத்தார். நாலு பேர் தூக்க முடியாத உத்தரம் அது. சுவரில் ஏற்றி வைத்த அன்று, “நான் மவுத்தாகிப் போனாலும் இந்தத் தீராந்தி கிடக்கும்” என்றார். அந்த வாயை அன்றைக்கு மூடிக்கொண்டிருந்திருக்கலாம் என்று பிறகு எத்தனையோ தரம் நினைத்தார்.

மருமகன் அதாவுல்லா பொத்துவில்காரர். வீச்சுவலையில் கெட்டிக்காரர். ஆற்றில் ஒடுங்கிய தோணியில் எழும்பி நின்று, இடுப்பை ஒரு திருப்புத் திருப்பி வலையை எறிந்தாரென்றால் அது வட்டமாக விரிந்துதான் விழும். மாமனாரும் மருமகனும் அதிகம் கதைத்துக்கொள்ள மாட்டார்கள். மரியாதை அப்படி. ஆனால் ஓடாவி கடைத்தெருவில் நாலு பேரிடம் மருமகனின் கையைப் பற்றிக் கதைக்காமல் வீடு திரும்ப மாட்டார்.

எழுபத்தெட்டு நவம்பரில் சூறாவளி வந்தது. மஃரிபுத் தொழுகை கழிந்த கையோடு காற்று திசை மாறி அடித்தது. ஓடுகள் பறந்தன, சுவரின் தலை ஆடியது, தீராந்தி இறங்கியது. றபீக்காவை மூலைக்குத் தள்ளிவிட்ட அதாவுல்லாவுக்குத் தன் காலை இழுத்துக்கொள்ள நேரம் கிடைக்கவில்லை. இடது முழங்காலில் விழுந்தது. மாதக்கணக்கில் மாவுக்கட்டுப் போட்டுக் கிடந்தார். கட்டை வெட்டி எடுத்தபோது அந்த முழங்கால் மடங்க மறந்து போயிருந்தது.

“சுவர்தான் பிழை காக்கா. தீராந்தி ஒடியல்லயே” என்று வந்தவர்கள் எல்லோரும் சொன்னார்கள். உண்மைதான், மரத்தில் ஒரு கீறல் இல்லை. ஆனால் அது அவருக்கு ஆறுதல் தரவில்லை. அது அவர் தேர்ந்தெடுத்த மரம். அவர் ஏற்றி வைத்தது. அவரை நம்பி அந்தக் கூரைக்குக் கீழே வந்து படுத்த பிள்ளையின் காலில் விழுந்தது. வேறு கணக்கு அவருக்குத் தெரியவில்லை.

அன்றோடு கூரை வேலையை விட்டார். மகளின் வீட்டுக்குத் திரும்ப ஓடு போட சாய்ந்தமருதிலிருந்து வேறு ஓடாவியைப் பிடித்தார். பழைய தீராந்தியைக் கிணற்றடிக்கு உருட்டிக் கிடுகு போட்டு மூடினார். விற்கவும் விடவில்லை, அரியவும் விடவில்லை. இன்னொன்றும் செய்தார். புதுக் கூரை போட்ட அந்த வீட்டுக்குள் அவர் காலெடுத்து வைக்கவில்லை. பகல் சோறு எல்லோருக்கும் மகள் வீட்டில்தான். றபீக்கா ஒவ்வொரு நாளும் வாசலில் நின்று, “உள்ளுக்கு வாங்க வாப்பா” என்பாள். “மேலெல்லாம் மரத்தூள் மகள், இங்கயே தா” என்று முற்றத்தில் பலாமரத்தடியில் குந்திக்கொள்வார். மழை பெய்தால் சோற்றுக் கோப்பையைத் தூக்கிக்கொண்டு குடிலுக்கு ஓடுவார். ஆனால் வாசற்படியை மட்டும் தாண்ட மாட்டார்.

அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று சும்மாவா சொன்னார்கள்? பயம் கூரையோடு நிற்கவில்லை. பக்கத்து வீட்டு ஸைனம்பு ஒரு முக்காலி செய்யச் சொன்னாள். செய்து கொடுத்துவிட்டு, “இருங்க பாப்பம்” என்றார். இருந்தாள். “எழும்புங்க. திரும்ப இருங்க. கொஞ்சம் ஆடிப் பாருங்க.” ஏழாவது தரம் அவளுக்குக் கோபம் வந்துவிட்டது. “மீன் வெட்ட முக்காலி கேட்டனா, ஊஞ்சல் கேட்டனா?” என்று முக்காலியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். அன்றிரவு அந்த முக்காலியின் கால்களை நினைத்து அவருக்கு நித்திரை வரவில்லை.

அதாவுல்லாவின் நிலைமை வேறு. கல்முனைக் கடைத்தெருவில் புடவைக் கடை ஒன்றில் பத்து நாள் நின்று பார்த்தார். கால் வீங்கி வீட்டுக்கு வந்தார். பிறகு சும்மா இருந்தார். மனைவி வீட்டில் சும்மா இருந்து சாப்பிடுகிற சோறு ஆம்பிளைக்கு எப்படி இறங்கும்? ஒருவரும் ஒரு சொல் சொல்லவில்லை. ஸகியா மருமகனுக்கு நேரே வந்து பேசுகிறவள் இல்லை, திரைக்குப் பின்னால் நின்று மகளிடம்தான் சொல்லுவாள். “மருமகனுக்கு மீன் துண்டு இன்னொண்டு வை மகள்” என்பாள். அந்த மீன் கடையில் வாங்கின மீன். அதுதான் அவரைக் குத்தியது.

ஒரு நாள் அவர் றபீக்காவிடம், “பொத்துவிலுக்கு உம்மாக்கிட்டப் பெய்த்து கொஞ்ச நாள் இருந்திட்டு வாறன்” என்றார். கொஞ்ச நாள் என்றால் எவ்வளவு நாள் என்று அவள் கேட்கவில்லை. கேட்டால் பதில் சொல்லிவிடுவாரோ என்று பயம். அழுதுகொண்டு வந்து வாப்பாவிடம் சொன்னாள். அவர் இழைப்புளியைக் கீழே வைத்துவிட்டுச் சிராய்களைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

அடுத்த கிழமை இன்னொன்று நடந்தது. பாண்டிருப்பு செல்லத்தம்பி ஆற்றில் மீன் பிடிக்கிறவர், அதாவுல்லாவுக்குப் பழைய கூட்டாளி. அவரிடம் உபரியாகக் கிடந்த தோணியைக் கேட்டு வாங்கிக்கொண்டு, வீட்டில் சொல்லாமல் அதாவுல்லா ஆற்றில் இறங்கிவிட்டார். எழும்பி நின்று வலையை வீசினார். வலை சரியாகத்தான் விழுந்தது. ஆனால் மடங்காத கால் தோணியின் ஆட்டத்துக்கு ஈடு கொடுக்கவில்லை, அவரும் விழுந்தார். விளிம்பைப் பிடித்து ஏறப் பார்த்தார். தோணி அவர் தலைக்கு மேலேயே கவிழ்ந்தது. செல்லத்தம்பி வந்து சட்டைக் கொலரைப் பிடித்து இழுத்திராவிட்டால் அன்றைக்கே ஜனாஸாத் தொழுகை நடந்திருக்கும்.

வண்டியில் கொண்டுவந்து இறக்கியபோது அதாவுல்லா சொன்னது ஒன்றுதான். “மறுகாவும் போவன்.”

கச்சிமுகம்மது கணக்குப் பார்த்தார். மருமகன் ஆற்றுக்குப் போனால் மவுத்து, போகாவிட்டால் பொத்துவில். இரண்டில் எது நடந்தாலும் றபீக்கா தனியே நிற்பாள். இரண்டுக்கும் மூலம் கிணற்றடியில் கிடுகுக்குக் கீழே கிடக்கிற அந்த மரம். மூன்று நாள் தூங்காமல் யோசித்துவிட்டு நாலாம் நாள், நிலத்தைப் பார்த்துக்கொண்டு மருமகனிடம் சொன்னார்: “நான் ஒரு தோணி செய்து தாறன். அதுவரைக்கும் எங்கயும் போகாதீங்க மருமகன். ஆத்துக்கும் வேணாம், ஊருக்கும் வேணாம்.”

“கட்டில் செய்யிற மனிசனுக்கு என்ன தோணி?” என்று ஸகியா பின்னால் நின்று கேட்டாள். நியாயமான கேள்வி.

ஆனால் கட்டிலில் இருந்துதான் அவருக்கு வழி கிடைத்தது. ஆற்றங்கரையில் போய்க் குந்தியிருந்து செல்லத்தம்பியின் தோணியைக் காலை முழுக்கப் பார்த்தார். ஒடுங்கல், அடி உருண்டை. ஒரு பக்கம் சாய்ந்தால் உருளத்தானே செய்யும்? கட்டிலின் ஓரத்தில் ஆள் உட்கார்ந்தால் கட்டில் கவிழ்வதில்லை. ஏன்? கால்கள் அகலத்தில் நிற்கின்றன. அப்படியென்றால் தோணியின் அடி தட்டையாக இருக்க வேண்டும், அகலமாக இருக்க வேண்டும். மருமகனால் முழந்தாளிட முடியாது. ஆகவே நடுவில் ஒரு இருக்கை வேண்டும், காலை முன்னுக்கு நீட்ட இடம் வேண்டும், இரண்டு பக்கமும் துடுப்பைக் கோர்த்து வலிக்க முளை வேண்டும். வலை வீச எழும்பி நின்றால் நிற்க விட வேண்டும்.

முள்முருக்கு மரத்தில் முழ நீளத்துக்கு மூன்று தோணி செதுக்கினார். ஒன்று உருண்டை அடி. ஒன்று தட்டை அடி, பக்கப் பலகை நேர். ஒன்று தட்டை அடி, பக்கப் பலகை மேலே போகப்போக வெளியே சாய்ந்தது. மூன்றையும் சால்வைக்குள் சுற்றிக்கொண்டு அஸருக்குப் பள்ளிக்குப் போனார். தொழுகை முடிந்து சனம் கலைந்ததும், கை கால் கழுவி ஒளுச் செய்கிற ஹவுழ்த் தொட்டியில் மூன்றையும் மிதக்கவிட்டார். அலை இல்லாத தண்ணீர் ஊரில் வேறு எங்கே இருக்கிறது?

மோதினார் அப்துல் கபூர் பார்த்துவிட்டார். “ஒளு எடுக்கிற தண்ணியில விளையாட்டுக் கப்பலா? உங்கட வயசென்ன காக்கா?”

“கோவிக்காதீங்க மோதினார். இந்த விளிம்பில ஒரு விரல வையுங்க.”

மோதினார் முறைத்துக்கொண்டே வைத்தார். உருண்டை அடி உடனே கவிழ்ந்தது. நேர்ப்பலகை கொஞ்சம் தாங்கிவிட்டுத் தண்ணீர் குடித்தது. மூன்றாவது சாய்ந்தது, ஆனால் சாயச் சாய அதன் அகலம் தண்ணீரில் கூடிக்கொண்டே போய் விரலை மேலே தள்ளியது. மோதினார் விரலை எடுத்துவிட்டுத் திரும்ப வைத்தார். மறு பக்கம் வைத்தார். மஃரிபுக்குப் பாங்கு சொல்ல அன்று அவர் ஓடித்தான் போனார்.

தோணி மூன்று மாதத்தில் முடிந்தது. பன்னிரண்டு அடி நீளம், நடுவில் நாலடி அகலம். பொருத்துகளில் பஞ்சும் தாரும் இறுக்கி அடைத்திருந்தார். ஊர் அதற்குக் ‘கட்டில்’ என்று பெயர் வைத்தது. “மெத்தை எப்ப போடுவீங்க?” என்றார்கள். துடுப்பு வலிக்கிறவர் பின்னுக்குப் பார்த்துத்தான் இருக்க வேண்டும் என்று தெரிந்ததும், “மருமகன் வந்த வழியப் பாத்துக்கிட்டே போகப்போறாரோ?” என்றார்கள். அதெல்லாம் அவர் காதில் ஏறவில்லை. அவருக்கு இருந்தது ஒரே கேள்வி. தாங்குமா?

அங்கேதான் ஒரு பிழை செய்தார். நெல்லு விளைகிற ஊர்க்காரன் மட்டும் செய்யக்கூடிய பிழை. இங்கே வண்டியைச் சோதித்தாலும் நெல்லு மூடை, பாலத்தைச் சோதித்தாலும் நெல்லு மூடை. அறுவடை முடிந்து வருடத்துச் சாப்பாட்டுக்கென்று வந்திறங்கிய ஆறு மூடையையும் ஸகியா தடுக்கத் தடுக்க வண்டியில் ஏற்றிக் கிட்டங்கிக்குக் கொண்டுபோனார். நெஞ்சளவுத் தண்ணீரில் தோணியை நிறுத்தி ஆறு மூடையையும் அடுக்கினார். அசையவில்லை. இடம் மாற்றி, மூன்றை ஒரே பக்கம் வைத்தார். கொஞ்சம் சாய்ந்தது, நின்றது. கரையில் நின்ற சனம், “பறுவாயில்ல ஓடாவியார்” என்றது. பதினைந்து மாதத்தில் முதல் தரம் கச்சிமுகம்மதுவின் முகத்தில் சிரிப்பு வந்தது.

அந்தச் சிரிப்போடு தானும் ஏறினார். மூடைகளுக்கு மேல் ஏறி, வலை வீசுகிறவன் நிற்கிற மாதிரி எழும்பி நின்றார். இடுப்பை ஒரு திருப்புத் திருப்பினார். அவ்வளவுதான். மேல் மூடை ஒன்று வழுகியது, அதோடு மற்றவை போயின, தோணி கவிழ்ந்தது, ஆறு மூடை நெல்லும் ஓடாவியும் ஆற்றுக்குள்.

செல்லத்தம்பிதான் அவரையும் இழுத்து எடுத்தார். இருமி முடிக்கும்வரை பொறுத்திருந்துவிட்டுச் சொன்னார்: “காக்கா, நெல்லு மூடை பேசாமக் கிடக்கும். மனிசன் கிடப்பானா? எழும்புவான், குனிவான், வலைய இழுப்பான், மீனக் கண்டா ஒரு பக்கமாப் பாய்வான்.”

“அப்ப விழாத தோணி எப்பிடிச் செய்யிற?”

“விழாத தோணி எண்டு ஒண்டு இல்ல காக்கா. நான் இந்த ஆத்தில எத்தன தரம் விழுந்திருப்பன்? விழுந்து யாரும் சாகிறதில்ல. திரும்ப ஏற ஏலாமத்தான் சாகிற. உங்கட மருமகனும் அண்டைக்கு ஏறத்தானே பாத்தவர்.”

கச்சிமுகம்மது நனைந்த சால்வையைப் பிழிவதை நிறுத்திவிட்டார். பதினைந்து மாதமாக அவர் ஒன்றைத்தான் நினைத்துக்கொண்டிருந்தார். விழக்கூடாது. எதுவும் விழக்கூடாது. விழுந்த பிறகு என்ன என்று ஒரு நாளும் நினைக்கவில்லை.

வீட்டில் ஸகியா ஒரு மணித்தியாலம் ஓயவில்லை. “ஆம்புள வேல செய்யிறண்டு ஆறு மூடை சோத்த ஆத்துக்குக் குடுத்திட்டு வந்திரிக்கீங்க. மீனுக்குக் கந்தூரியா?” மூன்று மூடைதான் மீண்டது. தெருவில் பாய் விரித்து நாலு நாள் காய வைத்தார்கள். அந்த வருடம் அந்த வீட்டுச் சோற்றில் ஆற்று வாடை அடித்தது உண்மை.

தோணி கவிழ்ந்ததற்கு அடுத்த நாள் காலையில் கிணற்றடியில் சத்தம் கேட்டது. ஓடாவி போய்ப் பார்த்தபோது அதாவுல்லா கிடுகை விலக்கிவிட்டு, மடங்காத காலை நீட்டி, அந்தத் தீராந்தியின் மேல் உட்கார்ந்திருந்தார்.

“எழும்புங்க மருமகன். அதில இருக்காதீங்க.”

“செல்லத்தம்பியோட கதச்சன் மாமா. தோணிக்கு அடியில கனம் காணாதாம். கனம் மேல இருந்தா கவிழ்க்கும், கீழ இருந்தா நிமித்துமாம்.” கையால் மரத்தைத் தட்டினார். “இத நெடுகால அரிஞ்சி ரெண்டாக்கி அடியில பூட்டுங்க. மணலில இழுக்கவும் லேசு.”

“ஏலா.”

“ஏன் ஏலா?”

“ஏனெண்டு உங்களுக்குத் தெரியாதா? இந்த மரம் ஒருக்காப் போதாதா?”

“இது ஒடிஞ்சதா மாமா?”

“இல்ல.”

“உக்கினதா?”

“முதிரை எப்பிடி உக்கும்?”

“பின்ன என்ன. மேல வெச்சதால என்னை விழுத்திச்சி. கீழ கிடந்து தாங்கட்டும்.”

மாமனாரும் மருமகனும் இவ்வளவு கதை ஒரு நாளும் கதைத்ததில்லை. கச்சிமுகம்மது போய் ஈர்வாளை எடுத்து வந்தார். ஒரு முனையை அவர் பிடித்தார், மறு முனையை உட்கார்ந்தபடி அதாவுல்லா பிடித்தார். இரண்டு நாள் அரிந்தார்கள். உள் மரம் மஞ்சளாக, புதிதாக இருந்தது.

இரண்டு துண்டையும் அடியில் நெடுக்காகப் பூட்டினார். இருக்கையை ஒரு சாண் இறக்கினார். விளிம்பில் கை பிடிக்கத் தோதாக உருண்டைச் சட்டம் அடித்தார். எல்லாம் முடிந்த பிறகும் நாலு நாள் ஏதாவது சொல்லித் தள்ளிப் போட்டார். காற்று என்றார். தார் காயவில்லை என்றார். வெள்ளிக்கிழமை என்றார். ஐந்தாம் நாள் அதாவுல்லாவே வண்டிக்காரரைக் கூட்டி வந்துவிட்டார்.

விழுந்து ஏறிப் பார்க்கக் கால் எட்டாத இடம்தான் வேண்டும் என்று செல்லத்தம்பி சொல்லியிருந்தார். அவர் தன் தோணியில் தூரத்தில் நின்றார். கிட்ட வரக்கூடாது என்று அதாவுல்லாவின் கட்டளை. கரையில் கச்சிமுகம்மது ஒரு நீளக் கயிற்றோடு வந்து மருமகனின் இடுப்பில் கட்டினார். முடிச்சை இரண்டு தரம் இழுத்துப் பார்த்தார். அதாவுல்லா அதை மெதுவாக அவிழ்த்தார்.

“கயிறு இருந்தா, கயிறுதான் ஏத்திச்செண்டு சொல்லுவீங்க. பிறகு நான் ஒவ்வொரு நாளும் போகக்குள்ள இந்தக் கரையில கயித்தோட நிப்பீங்க.”

“நிண்டா என்ன?”

“வேணாம் மாமா.”

துடுப்பை வலித்துக்கொண்டு போனார். பின்னுக்குப் பார்த்து வலிப்பதால் அவர் முகம் கரையைப் பார்த்தே இருந்தது. போதும், போதும் என்று கச்சிமுகம்மது வாய்க்குள் சொல்லிக்கொண்டிருந்தார். அதாவுல்லா நடு ஆற்றில் நிறுத்தி எழும்பி நின்றார். தோணி ஒரு தரம் ஆடி நின்றது. வலையில்லாமல் வீசுகிற மாதிரி இடுப்பைத் திருப்பினார். நின்றது. எதிர்ப் பக்கம் திருப்பினார். அப்போதும் நின்றது. அதோடு விட்டால் என்ன என்று ஓடாவி நினைத்த அந்த நொடியில் மருமகன் தண்ணீருக்குள் விழுந்தார்.

தலை மேலே வந்தது. கை விளிம்புச் சட்டத்தைப் பிடித்தது. இழுத்தார். தோணி அவர் பக்கம் சாய்ந்தது. கை வழுகி அவர் திரும்ப உள்ளே போனார். கச்சிமுகம்மது ஓதிக்கொண்டிருந்த ஆயத் பாதியில் மறந்து போயிற்று. முதலில் இருந்து தொடங்கினார். திரும்பவும் அதே இடத்தில் நின்றுவிட்டது.

இரண்டாம் தரம் அதாவுல்லா அவசரப்படவில்லை. இரண்டு கையையும் சட்டத்தில் வைத்து, நல்ல காலால் தண்ணீரை உதைத்து, நெஞ்சை விளிம்பின் மேல் போட்டார். தோணி சாய்ந்துகொண்டே வந்தது. தண்ணீருக்கும் விளிம்புக்கும் ஒரு சாண் இருந்தது. பிறகு அரைச் சாண். பிறகு நாலு விரல். அந்த நாலு விரலைக் கரையில் இருந்து பார்க்க முடியாது, ஆனால் ஓடாவிக்குத் தெரிந்தது. பலகையின் ஒவ்வொரு விரலும் அவருக்குத் தெரியும்.

நாலு விரலில் சாய்வு நின்றது. அதற்குக் கீழே போகவில்லை.

அதாவுல்லா வயிற்றால் உள்ளே வழுக்கினார். மடங்காத கால் வெளியே நீட்டிக்கொண்டு நின்றது. கையால் அதைப் பிடித்து, துடுப்பை உள்ளே போடுகிற மாதிரி இழுத்துப் போட்டார். தோணி நிமிர்ந்தது. பிறகு ஒன்றையும் காணவில்லை. ஆற்றின் நடுவில் ஆளில்லாத தோணி ஒன்று ஆடிக்கொண்டிருந்தது.

“மருமகன்” என்று கூப்பிட்டார். பதில் இல்லை. “அதாவுல்லா” என்று பெயர் சொல்லிக் கூப்பிட்டார். கலியாணம் முடித்த நாளிலிருந்து மருமகனை அவர் பெயர் சொல்லி அழைத்ததில்லை. தான் தண்ணீருக்குள் இறங்கிவிட்டதும், தண்ணீர் நெஞ்சுக்கு வந்துவிட்டதும் அவருக்குத் தெரியாது.

விளிம்புக்கு மேலே ஒரு தலை எழும்பியது. “ஏன் மாமா சத்தம் போடுறீங்க? களைப்பாக் கிடந்திச்சி, கொஞ்சம் படுத்தன். கட்டில்தானே.”

செல்லத்தம்பி சிரித்த சிரிப்புக் கரையில் கேட்டது. கச்சிமுகம்மது சிரிக்கவில்லை. தோணி கரைக்கு வந்ததும் முதல் வேலையாக மருமகனை ஏசினார். “இவ்வளவு நேரமா எடுக்கிற? முதல் தரம் கை ஏன் வழுகின? படுக்க இதுதானா இடம்?” ஏசிக்கொண்டே வந்தவர் பாதியில் மணலில் உட்கார்ந்து, சால்வையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். பதினாறு மாதத்து அழுகை, கெதியில் முடியவில்லை. அதாவுல்லா பக்கத்தில் காலை நீட்டி உட்கார்ந்து ஆற்றைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வீட்டுக்கு வரும்போது பகல் லுஹர்த் தொழுகை கழிந்திருந்தது. றபீக்கா உள்ளே பாய் விரித்துக் கணவனுக்குச் சோறு வைத்துவிட்டு, வாப்பாவின் கோப்பையை எடுத்துக்கொண்டு வழக்கம்போல முற்றத்துக்குப் புறப்பட்டாள். “உள்ளுக்கு வாங்க வாப்பா” என்று வாய் தன் பாட்டில் சொன்னது. பதிலுக்கு அவள் காத்திருக்கவில்லை, அது என்னவென்று தெரியும்.

கச்சிமுகம்மது கால் கழுவினார். வாசற்படியில் நின்று உள்ளே எட்டி, மேலே பார்த்தார். சாய்ந்தமருதுக்காரர் வைத்த உத்தரம் இருந்தது. இரண்டு முனையையும் பார்த்தார், சுவரில் அது உட்கார்ந்திருந்த இடத்தைப் பார்த்தார். பிறகு பிஸ்மி சொல்லிப் படியைத் தாண்டி உள்ளே வந்தார்.

“கொஞ்சம் தள்ளுங்க மருமகன்” என்றார். அதாவுல்லா மடங்காத காலைக் கையால் தூக்கி நகர்த்தி இடம் கொடுத்தார்.

றபீக்கா கோப்பையோடு முற்றத்துக்கும் வீட்டுக்கும் நடுவில் நின்றுவிட்டாள். திரைக்குப் பின்னால் ஸகியா மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது.

“ஏன் மகள் நிக்காய்? சோறு ஆறுது, கொண்டா” என்றார் அவர்.

சாப்பிட்டு முடிப்பதற்குள் மூன்று தரம் மேலே பார்த்தார். ஆனால் எழும்பவில்லை.